ஓ.டி. சம்பளம்: ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் என்கிறார்கள், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) இளநிலைப் பட்டமான பி.ஓ.டி. படிக்கலாமா என்று யோசிக்கும் மாணவர்களும் பெற்றோரும் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்கச் சம்பளம்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர், ரூபாயில் மாற்றினால் 80 லட்சத்துக்கு மேல். அடுத்த பக்கத்துக்குப் போனால் அதே அமெரிக்காவில் வேலை பார்க்கும் தெரபிஸ்டுகள், வருடங்கள் போயும் சம்பளம் ஏறவில்லை, படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்று புலம்புவதையும் படிக்கலாம். யார் சொல்வது உண்மை என்ற குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் உண்மைதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் சம்பளத்தை அவருடைய திறமையைவிட, அவருடைய வேலைக்கான பில்லைக் கட்டுபவர் யார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. அமெரிக்காவை வைத்து இதைப் பார்த்துவிட்டு, பிரிட்டனுக்கும் நம் ஊருக்கும் வரலாம்.

## இவர்கள் செய்யும் வேலை

பக்கவாதம் வந்தவர் ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடவும், வழுக்காமல் குளிக்கவும், மறுபடி சமையலறையில் நிற்கவும் பழக்குவது. பென்சில் பிடிக்கச் சிரமப்படும் குழந்தையோடு வேலை செய்வது. இயந்திரத்தில் அடிபட்ட கைக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் செய்து கொடுத்து விரல்களை மீட்பது. அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான செயல்களை ஒருவர் தானே செய்யும்படி ஆக்குவதுதான் ஓ.டி.யின் நோக்கம். பிசியோதெரபியோடு சில இடங்களில் இது ஒட்டி நிற்கும், ஆனால் படிப்பும் உரிமமும் தனி.

வேலை நடக்கும் இடங்கள் இவ்வளவு வேறுபடுவதால் பணம் வரும் வழிகளும் வேறுபடுகின்றன.

## அந்த எண் எதைச் சொல்கிறது?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்கில் ஓ.டி.க்களின் இடைநிலைச் சம்பளம் 98,340 டாலர். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை இது. பாதிப் பேர் இதற்குக் கீழேதான் இருக்கிறார்கள் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அதே கணக்கில் பிசியோதெரபிஸ்டுக்கு 1,01,020 டாலர், பேச்சுப் பயிற்சியாளருக்கு 95,410 டாலர். மூன்று தொழில்களும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருப்பது தற்செயல் அன்று. மூவருக்கும் பணம் வருவது பெரும்பாலும் ஒரே பைகளிலிருந்து.

கீழ்க்கோடியில் இருக்கும் 10 சதவீதத்தினர் சுமார் 67,000 டாலருக்குள் வாங்குகிறார்கள். மேல்கோடி 10 சதவீதத்தினர் சுமார் 1,30,000 டாலருக்கு மேல். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மடங்கு வித்தியாசம்தான். வழக்கறிஞர், மென்பொருள் போன்ற துறைகளில் இந்த இடைவெளி பல மடங்கு. அதாவது ஓ.டி.யில் தொடக்கம் நன்றாக இருக்கிறது, ஏறுவதற்குப் படிகள் குறைவு. ஏன் என்பதுதான் கேள்வி.

## பில் எப்படிப் போடப்படுகிறது?

மெடிகேர் என்பது 65 வயது கடந்தவர்களுக்கும் சில வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் அமெரிக்க மத்திய அரசு நடத்தும் காப்பீடு. தனியார் காப்பீட்டு நிறுவனங்களில் பலவும் மெடிகேரின் விலைப்பட்டியலைப் பார்த்தே தங்கள் விலையை வைக்கின்றன. அதனால் மெடிகேரைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். வெளிநோயாளி சிகிச்சையில் இது நடக்கும் விதம்:

1. தெரபிஸ்டின் நேரம் 15 நிமிட அலகுகளாக வெட்டப்படுகிறது. ஆட்டோ மீட்டர் மாதிரி, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு விலை. குறைந்தது 8 நிமிடம் நேரடியாகச் சிகிச்சை கொடுத்தால் ஓர் அலகு. 23 நிமிடத்தைத் தொட்டால் இரண்டு.

2. ஒவ்வொரு சிகிச்சை வகைக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு. அந்தப் புள்ளியை ஒரு டாலர் எண்ணால் பெருக்கினால் விலை கிடைக்கும். இந்தப் பெருக்கு எண் 2001-ல் 38.26 டாலராக இருந்தது. 2020-ல் 36.09. 2025-ல் 32.35. 2026-க்குச் சற்றே ஏற்றி 33.40 ஆக்கியிருக்கிறார்கள். கால் நூற்றாண்டில் வீட்டு வாடகை என்ன ஆனது என்று யோசித்துக்கொண்டு இந்த வரிசையை மறுபடி படித்துப் பாருங்கள்.

3. இந்தப் பட்டியலில் ஓரிடத்தில் விலை கூடினால் மொத்தச் செலவு ஏறாதபடி வேறு இடத்தில் குறைக்க வேண்டும் என்பது சட்டம். 2021-ல் மருத்துவர்களின் ஆலோசனைக் கட்டணத்தைக் கூட்டியபோது தெரபி விலைகள் அடிவாங்கியது இப்படித்தான். நாடாளுமன்றம் தலையிட்டதால் அடி கொஞ்சம் மெதுவாக விழுந்தது.

4. ஒரே நாளில் ஒரே நோயாளிக்கு இரண்டாவது, மூன்றாவது அலகு கொடுத்தால் அவற்றின் விலையில் இட, உபகரணச் செலவுக்கான பங்கு பாதியாக வெட்டப்படும். 2013 ஏப்ரல் முதல் இந்த விகிதம்.

இதில் எந்த இடத்திலும் தெரபிஸ்டின் அனுபவத்துக்கு ஒரு கட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். நேற்று உரிமம் வாங்கியவர் கொடுக்கும் 15 நிமிடத்துக்கும், இருபது வருடம் பழுத்தவர் கொடுக்கும் 15 நிமிடத்துக்கும் மெடிகேர் தரும் விலை ஒன்றுதான். முதலாளி வாங்கும் விலை உயராதபோது மூத்தவருக்கு எவ்வளவு கூட்டித் தர முடியும்? அனுபவத்தோடு சம்பளம் ஏறத்தான் செய்கிறது, ஆனால் சீக்கிரமே ஒரு கூரையில் முட்டிக்கொள்கிறது.

விலையை உயர்த்த முடியாத முதலாளிக்கு மிச்சம் இருக்கும் வழி, அதே தெரபிஸ்டிடமிருந்து அதிக அலகுகளைக் கறப்பது. இதற்குப் பெயர் புரொடக்டிவிட்டி. ஓரிடத்தில் 90 சதவீதம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். அதில் 432 நிமிடம் பில் போடக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். மீதி 48 நிமிடத்தில் குறிப்பு எழுத வேண்டும், அறைக்கு அறை நடக்க வேண்டும், நோயாளியின் மகளோடு போனில் பேச வேண்டும், கழிப்பறைக்கும் போக வேண்டும். முடியாது. அதனால் பலர் வேலை முடிந்ததாகப் பதிவு (பஞ்ச் அவுட்) செய்துவிட்டு, சம்பளமில்லாமல் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறார்கள். ஆபர் லெட்டரில் இருக்கும் மணிநேரச் சம்பளத்தை இந்தக் கணக்கில் மறுபடி வகுத்துப் பார்த்தால் எண் சுருங்கிவிடும்.

## 2019 அக்டோபர் 1

பில் கட்டுபவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

மருத்துவமனையிலிருந்து வரும் முதியவர்கள் சில வாரம் தங்கித் தேறும் நர்சிங் ஹோம்களுக்கு அதுவரை மெடிகேர் பணம் கொடுத்தது, பெருமளவு தெரபி நிமிடங்களின் அடிப்படையில். வாரத்துக்கு 720 நிமிடம் தெரபி கொடுத்தால் அந்த நோயாளி உச்சப் பிரிவில் போய் உட்காருவார். நாள் கட்டணமும் உச்சத்துக்குப் போகும். நடந்தது ஊகிக்கக்கூடியதுதான். நாடு முழுக்க ஏராளமான நோயாளிகளுக்குச் சரியாக 720 நிமிடத்தை ஒட்டித் 'தேவை' ஏற்பட்டது. தெரபிஸ்ட் என்றால் வருமானம் என்று நர்சிங் ஹோம்கள் கணக்குப் போட்டன, நல்ல சம்பளம் கொடுத்து எடுத்தன.

2019 அக்டோபர் 1-ஆம் தேதி மெடிகேர் அந்த முறையைத் தூக்கிவிட்டு, நோயாளியின் நோய், உடல்நிலை, செயல்திறன் ஆகியவற்றை வைத்துக் கட்டணம் தரும் புதிய முறைக்கு மாறியது. எத்தனை நிமிடம் தெரபி கொடுத்தாலும் அதே பணம். தங்கும் நாள் 20-ஐத் தாண்டினால் ஓ.டி.க்கும் பிசியோவுக்கும் ஒதுக்கிய பங்கு ஏழு நாளுக்கு ஒருமுறை 2 சதவீதம் குறையும். ஒரே இரவில் தெரபிஸ்ட், கணக்குப் புத்தகத்தின் வருமானப் பக்கத்திலிருந்து செலவுப் பக்கத்துக்கு மாறினார்.

அந்த வாரத்திலேயே ஆட்குறைப்பு தொடங்கியது. முழுநேர வேலையில் இருந்த சிலருக்குப் பகுதிநேரம், சிலருக்கு மணிநேரச் சம்பளக் குறைப்பு. ஒருவருக்கு ஒருவராகக் கொடுத்த சிகிச்சை பல இடங்களில் குழுவாக மாறியது. நோயாளிகளின் உடல்நிலை செப்டம்பர் 30 இரவில் இருந்ததுபோலத்தான் மறுநாள் காலையிலும் இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய முறை நியாயமானது என்று நான் வாதாட வரவில்லை. அது நோயாளியைக் கசக்கியது. புதியதில் கசங்கும் ஆள் மாறினார், அவ்வளவே.

இது முதல் முறையும் அன்று. 1997-ல் வந்த சட்டம் ஓ.டி.க்கு ஆண்டுக்கு 1,500 டாலர் என்று உச்சவரம்பு வைத்து, 1999-ல் அது அமலானபோதும் வேலைகள் போயின. அந்த உச்சவரம்பை நிரந்தரமாக நீக்க 2018 வரை ஆனது.

## எங்கே வேலை, எவ்வளவு பணம்

நர்சிங் ஹோமும், வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தரும் நிறுவனங்களும் இன்றும் சம்பள வரிசையில் மேலே இருக்கின்றன. ஆட்கள் நிலைக்காத இடத்தில் கூடுதல் விலை கொடுத்துத்தானே ஆக வேண்டும். வீட்டுச் சிகிச்சையில் பல நிறுவனங்கள் ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்று தருகின்றன. பார்க்கப் பெரிதாக இருக்கும். ஓட்டும் நேரம், பெட்ரோல், இரவில் வீட்டில் உட்கார்ந்து நிரப்பும் படிவங்கள் எல்லாம் அதற்குள் அடக்கமா என்று கேட்க வேண்டும். மருத்துவமனைகள் நடுவில் நிற்கின்றன, விடுப்பும் காப்பீடும் ஒழுங்காக இருக்கும்.

பள்ளிகள்தான் கடைசி. 1975-ல் வந்த சிறப்புக் கல்விச் சட்டத்தின் வழியாக, தேவைப்படும் குழந்தைகளுக்குப் பள்ளியே இலவசமாக ஓ.டி. சேவை தர வேண்டும். பணம் பள்ளி மாவட்டத்தின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. பல மாவட்டங்களில் ஓ.டி.யை ஆசிரியர் சம்பள அட்டவணையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பள்ளி ஓ.டி. 80,000 டாலர் வாங்குகிறார், ஆண்டுக்கு 190 நாள், தினமும் ஏழரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 56 டாலர் வருகிறது. ஒரு லட்சம் வாங்கும் நர்சிங் ஹோம் ஓ.டி.க்கு, 2,080 மணி நேரத்தால் வகுத்தால் 48. பள்ளிக்காரருக்குக் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அரசு ஓய்வூதியமும் கூடுதல். 'குறைந்த சம்பளம்' என்பது எதை எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அப்புறம் டிராவல் தெரபி. 13 வாரத்துக்கு ஓர் ஊர் என்று ஒப்பந்தம். வாரச் சம்பளம் கண்ணைப் பறிக்கும். அதில் ஒரு பகுதி வரி இல்லாத தங்குமிட, சாப்பாட்டுப் படியாக வரும். அந்த வரிவிலக்குக்குச் சொந்த ஊரில் ஒரு வீட்டுச் செலவையும் உண்மையிலேயே தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வரிக்குரிய அடிப்படைச் சம்பளம் இதில் சிறியது என்பதால், பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அந்தச் சிறிய எண்ணைத்தான் பார்க்கக்கூடும்.

மாநில வித்தியாசமும் உண்டு. கலிஃபோர்னியா, நெவாடா மேலே. தெற்கு டகோட்டா போன்றவை கீழே. நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது, கலிஃபோர்னியாவில் வரியும் வாடகையும் சேர்ந்து கூடுதல் சம்பளத்தைத் தின்றுவிடும்.

## மேல்படிப்பு படித்தால் சம்பளம் ஏறுமா?

2007 முதல் அமெரிக்காவில் ஓ.டி. ஆக முதுநிலைப் பட்டம் வேண்டும். அதற்கும் மேலே தொழில்முறை முனைவர் பட்டம் ஒன்று வேகமாகப் பரவிவருகிறது. இரண்டு பட்டத்துக்கும் ஒரே தேர்வு, ஒரே உரிமம், பில்லில் ஒரே விலை. பேராசிரியராகவோ நிர்வாகியாகவோ போக நினைத்தால் முனைவர் பட்டம் உதவும். நோயாளியோடு வேலை செய்யப் போகிறவருக்கு அது கூடுதல் கடன் மட்டுமே என்பது என் கருத்து.

சிறப்புச் சான்றிதழ்களில் மதிப்புள்ளது கைச் சிகிச்சைக்கானது. குறைந்தது 3 ஆண்டு அனுபவம், நேரடிக் கைச் சிகிச்சையில் 4,000 மணி நேரம், பிறகு தேர்வு. அதற்கும் மெடிகேர் ஒரு சென்ட் கூட்டித் தருவதில்லை. கை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் நோயாளியை அனுப்பும்போது இந்தச் சான்றிதழைத் தேடுவதால் கிளினிக் பணம் கொடுத்து எடுக்கிறது.

கடன் விஷயத்தில் இப்போது புதுச் சிக்கல். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், முதுநிலை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் கடனுக்கு வரம்பு வைத்திருக்கிறது: சாதாரண முதுநிலைக்கு மொத்தம் 1,00,000 டாலர், 'தொழில்முறைப் பட்டம்' என்ற வகைக்கு 2,00,000 டாலர், 2026 ஜூலை முதல். 2025 இறுதியில் கல்வித் துறை முன்வைத்த வரையறையில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் தொழில்முறைப் பட்டமாக நின்றன, ஓ.டி., பிசியோதெரபி, நர்சிங் வெளியே நின்றன. செய்திகளில் எழுந்த சலசலப்புக்குக் காரணம் இதுதான். ஓ.டி. தொழிலின் தகுதியையோ உரிமத்தையோ இது தொடவில்லை. கடன் வரம்பை மட்டும் தொடுகிறது. ஆனால் மிச்சப் பணத்துக்குத் தனியார் கடனை நாட வேண்டியவருக்கு அந்த 'மட்டும்' பெரிய சொல்.

உதவியாளர்களைப் பற்றி ஒரு வரி. இரண்டாண்டுப் படிப்பு முடித்த ஓ.டி. உதவியாளரின் இடைநிலைச் சம்பளம் 68,340 டாலர். 2022 ஜனவரி முதல் அவர் கொடுக்கும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிகேர் 85 சதவீத விலைதான் தருகிறது.

## பிரிட்டன்: எல்லாம் அட்டவணையில்

பிரிட்டன் அரசின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் இவ்வளவு புதிர் இல்லை. பில் கட்டுபவரும் முதலாளியும் அரசுதான். 2004 முதல் மருத்துவர்கள் போன்ற சிலர் தவிர மற்றப் பணிகள் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, சம்பளம் வெளிப்படையாக அச்சிடப்படுகிறது. இங்கிலாந்தின் 2025-26 அட்டவணை:

1. பட்டை 5, புதிதாக வருபவர்: 31,049 பவுண்டில் தொடங்கி நான்கு ஆண்டில் 37,796.
2. பட்டை 6, அனுபவசாலி: 38,682 முதல் 46,580.
3. பட்டை 7, சிறப்பு நிபுணர் அல்லது குழுத் தலைவர்: 47,810 முதல் 54,710.

பட்டைக்குள், குறிப்பிட்ட வருடங்கள் போய் மதிப்பீட்டிலும் தேறினால் சம்பளம் ஏறும். அடுத்த பட்டைக்குத் தானாகப் போக முடியாது. காலியிடம் வர வேண்டும், விண்ணப்பித்து வெல்ல வேண்டும். மத்திய லண்டனுக்கு 20 சதவீதக் கூடுதல் படி. இதற்கு மேல் முதலாளி ஓய்வூதியத்துக்குப் போடும் 23.7 சதவீதம் சம்பளச் சீட்டில் பளிச்சென்று தெரியாது, ஆனால் அதுவும் சம்பளம்தான்.

## நம் ஊரில் கட்டுபவர் பெற்றோர்

இந்தியாவில் அரசு வேலைக்கு அட்டவணை உண்டு. ரயில்வே போன்ற மத்திய அரசுப் பணிகளில் ஓ.டி.க்கு ஏழாவது ஊதியக் குழுவின் 6-ஆம் நிலை, அதாவது தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. சம்பளம் மோசமில்லை. இடம்தான் இல்லை. ரயில்வே தேர்வு வாரியம் 2024-ல் வெளியிட்ட துணை மருத்துவப் பணி அறிவிப்பில் நாடு முழுக்க ஓ.டி.க்கு 2 இடம், பிசியோதெரபிஸ்டுக்கு 20.

மீதிப் பேருக்குத் தனியார் மருத்துவமனைகளும், முக்கியமாகக் குழந்தை வளர்ச்சி மையங்களும்தான். ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் செஷனுக்கு இவ்வளவு என்று கைக்காசில் கட்டுகிறார்கள். மத்திய அரசின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது, ஆனால் அதற்குள் தெரபிக்கு என்று தனி வரம்பு இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நான்கு செஷன் போகும் குடும்பத்துக்கு அது பல மாதம் வராது. ஆகவே ஓ.டி.யின் சம்பளம் அந்தத் தெருவில் இருக்கும் குடும்பங்களின் தாங்குசக்தியில் போய் நிற்கிறது. அண்ணா நகரில் கிடைக்கும் செஷன் கட்டணம் அறந்தாங்கியில் கிடைக்காது. அந்தக் கட்டணத்திலும் வாடகை, உபகரணம், மையத்தின் லாபம் போகத்தான் தெரபிஸ்டின் பங்கு.

இன்னொரு காரணமும் உண்டு. குறுகிய காலச் சான்றிதழோடு 'தெரபிஸ்ட்' என்று பலகை மாட்டுபவர்கள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும்போது, நாலரை ஆண்டு படித்தவருக்கு அதிகம் தர மையத்துக்கு என்ன கட்டாயம்? மகாராஷ்டிரம், டெல்லி போன்ற சில இடங்களில் மட்டும் தனி கவுன்சில் இருந்தது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் நாடு முழுமைக்கும் பதிவேட்டையும் ஒரே தரத்தையும் கொண்டுவரும் முயற்சி. பதிவு இல்லாதவர் தொழில் செய்ய முடியாது என்ற நிலை உண்மையில் வந்தால் தொடக்கச் சம்பளம் நகரும். சட்டம் புத்தகத்தில் இருப்பதால் மட்டும் நகராது.

## இங்கே படித்துவிட்டு அங்கே போவது

வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னைக் கல்லூரிகளிலும் படித்து வெளிநாடு போனவர்கள் ஏராளம். ஆனால் வழிகள் ஒன்றுபோல இல்லை.

1. பிரிட்டனுக்கு: சுகாதாரத் தொழில்களை முறைப்படுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பில் பதிவு வேண்டும். சுகாதாரப் பணியாளர் விசாவுக்கான தொழில்களில் ஓ.டி.யும் உண்டு. வேலை தருபவர் ஸ்பான்சர் செய்ய வேண்டும்.

2. அமெரிக்காவுக்கு: படிப்பு அங்குள்ள முதுநிலைக்கு இணையானதா என்ற மதிப்பீட்டில் தேறி, பிறகு தேசியத் தேர்வு, பிறகு மாநில உரிமம். இளநிலைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் பெரும்பாலும் முதல் படியிலேயே தடுக்கி நிற்பார்.

3. உரிமம் வாங்கினாலும் விசா தனிக் கதை. நர்ஸ்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் கிரீன் கார்டு நடைமுறையில் 'ஆள் பற்றாக்குறைத் தொழில்' என்ற சலுகைப் பட்டியலில் இடம் உண்டு. ஓ.டி. அதில் இல்லை. அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று முதலாளி விளம்பரம் செய்து நிரூபிக்கும் நீண்ட வழிதான். தற்காலிக வேலை விசாவான எச்1பி வழியில் போகலாம் என்றால், 2025 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புது மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 98,000 டாலர் சம்பளம் தரும் ஒரு கிளினிக், ஆளை எடுக்கவே அதைவிட அதிகமாகக் கட்டுமா என்பதை ஏஜென்சிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.